கல்லும் நீரும் நால்வர் இசையும்

இசைக்கருவிகளை ஓர் இனம் எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பதைக் கொண்டே அவ்வினத்தின் செவி எத்தகையது என்பதை ஓரளவு உணர்ந்துகொள்ளலாம். பண்டைச் சீனர் தம் கருவிகளை அவை எப்பொருளால் ஆனவை என்று நோக்கி வகுத்தனர். உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரைக்குடுக்கை, களிமண், தோல், மரம் என்பன அவ்வெட்டு வகைகள். இவ்வகைப்பாட்டிற்குப் 'பாயின்' என்று பெயர். எட்டு ஒலிகள் என்பது அதன் பொருள். சௌ மரபினரின் ஆட்சிமுறையையும் சடங்குகளையும் விரித்துரைக்கும் பழைய நூலில் இது இடம்பெற்றுள்ளது. தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு எனப் பகுக்கும் தமிழ் மரபிலும் பொருளுக்கு இடம் உண்டெனினும், துளை என்பது பொருளைக் குறிப்பதன்று. கருவியின் அமைப்பைக் குறிப்பது. நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்கள் நின்றொலித்தும் கல்லுக்கெனத் தனிவகை நம்மிடம் தோன்றவில்லை. சீனரிடமோ கல் இரண்டாம் இடத்திலேயே வந்து நிற்கிறது.

கன்பூசியசைப் பற்றிய ஒரு பழஞ்செய்தி இங்கு நினைக்கத்தக்கது. வேய் நாட்டில் அவர் ஒருநாள் இசைக்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். கூடை சுமந்து வாயிலைக் கடந்து சென்ற ஒருவன் அவ்வொலியைக் கேட்டு, தட்டுபவரின் உள்ளத்தில் இன்ன கவலை இருக்கிறது என்று கூறிவிட்டானாம். கல்லின் ஒலியில் மனம் கேட்கும் என்ற நம்பிக்கை அந்நாட்டில் அத்துணைப் பழமையானது. 1977ஆம் ஆண்டில் ஹூபே மாநிலத்தின் சுய்சோ என்னும் இடத்தில் கண்டறியப்பட்டு அடுத்த ஆண்டு அகழப்பெற்ற செங் நாட்டுக் குறுநில மன்னன் யீயின் கல்லறையில், 65 வெண்கல மணிகளோடு 32 இசைக்கற்களும் கிடைத்தன. கி.மு. 433ஆம் ஆண்டளவில் மன்னனோடு மண்ணுக்குள் சென்றவை அவை.

ஐரோப்பிய இசையின் பெருமைக்குரிய வடிவங்களுள் ஒன்றான நால்வர் நரம்பிசை இதற்கு நேர்மாறான வழியில் வளர்ந்தது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்னும் நான்கு கருவிகளுக்காக எழுதப்படும் 'ஸ்டிரிங் குவார்ட்டெட்' பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைடனின் கையில் உருப்பெற்றது. 1781இல் அவர் இயற்றிய ஆறு படைப்புகளின் தொகுதி அவ்வடிவத்தை நிலைபெறச் செய்தது. அறிவார்ந்த நால்வர் கூடியமர்ந்து உரையாடுவதைக் கேட்பது போன்றது அது என்று கெதே 1829இல் தம் நண்பருக்கு எழுதினார். உரையாடல் என்ற அவ்வுவமை எல்லோர் மனத்திலும் ஒட்டிக்கொண்டது. கேட்பவர் கருத்தைக் கேட்டனர், கருவியை மறந்தனர். மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம், பின்பலகை மேப்பிள் மரம், விரல் பலகை கருங்காலி, நரம்பு ஆட்டுக்குடல், வில்லின் தண்டு பிரேசில் நாட்டுப் பெர்னாம்புகோ மரம், அதில் கட்டியிருப்பது குதிரையின் வால்மயிர், மயிரில் தேய்ப்பது மரப்பிசின். ஒரு காட்டையும் ஒரு தொழுவத்தையும் மடியில் வைத்துக்கொண்டுதான் அந்நால்வரும் உரையாடினர். ஆயினும் பொருளின் வாடை வெளியே தெரியாதவாறு ஒலியைத் தீட்டித் தூய்மைப்படுத்துவதே அக்கலையின் திறமெனக் கருதப்பட்டது.

இவ்விரு வழிகளும் ஒரு மேடையில் சந்தித்த படைப்பு சீன இசையாக்குநர் டான் துன் 1994இல் நால்வர் நரம்பிசைக்கும் 'பிபா' என்னும் சீன யாழுக்குமாக எழுதிய 'கோஸ்ட் ஆப்பரா'. ஆவிக்கூத்து என அதனைத் தமிழில் வழங்கலாம். நீர், கல், உலோகம், தாள் ஆகிய நான்கும் அதில் கருவிகளாக ஒலிக்கின்றன. இயற்கைப் பொருளை மேடைக்குக் கொணர்வது புதுமைக்காகவும் செய்யப்படலாம். இப்படைப்பில் அவ்வாறு செய்யப்படவில்லை என்பதை உணர அவரது இளமைக்காலத்தை அறிதல் வேண்டும்.

கைவிடப்பட்ட சடங்கு

டான் துன் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரை அடுத்த சிற்றூரொன்றில் பிறந்தார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். யாங்சி ஆற்றின் தென்புறத்து ஹூனான், பழைய சூ நாடு. ஆவிகளையும் ஆற்றுத் தெய்வங்களையும் பாடிய தொல்கவிதை மரபு அம்மண்ணுக்குரியது. அவ்வூர்ச் சடங்குகளில் பூசாரி இறந்தவரோடு பேசுவான். பேசும்போது கல்லைத் தட்டுவான், நீரை அளைவான். இறந்தவருக்கெனத் தாளை எரிப்பது சீனமெங்கும் உள்ள வழக்கம். சிறுவனின் காதில் முதலில் விழுந்த இசை இதுவே.

1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி, பழைய கருத்து, பழைய பண்பாடு, பழைய வழக்கம், பழைய பழக்கம் என்னும் நான்கு பழமைகளையும் ஒழிக்கப் புறப்பட்டது. பூசாரியின் சடங்கு மூடநம்பிக்கை என்று விலக்கப்பட்டது. அப்போது சிறுவனுக்கு வயது ஒன்பது. பள்ளி முடிந்தபின் அக்கால இளைஞர் பலரையும் போலவே நாற்று நடுவதற்காகக் கூட்டுப்பண்ணைக்கு அனுப்பப்பட்டார். ஹுவாங்ஜின் என்னும் அப்பண்ணையில் கழித்த காலத்தில் உழவர் பாடல்களைத் திரட்டினார். கையில் அகப்பட்ட சட்டிபானைகளையும் கருவியாக்கி ஊர்க்காரரைக் கூட்டி இசைத்தார். வெளியூர் சென்ற பீகிங் ஆப்பராக் குழுவொன்றின் படகு கவிழ்ந்து கலைஞர் பலர் மாண்டபோது, அக்குழுவின் இழப்பை ஈடுசெய்ய ஆள் தேவைப்பட்டது. நாற்றங்காலிலிருந்து அவரை மேடைக்கு அழைத்துச் சென்றது அந்தச் சாவு.

1978இல் மீண்டும் திறக்கப்பட்ட பெய்ஜிங் மத்திய இசைக்கல்லூரியில் சேர்ந்தார். செங் மன்னனின் இசைக்கற்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்ததும் அதே ஆண்டில் என்பது தற்செயலே எனினும், வரலாறு சில வேளைகளில் கவிஞரைப்போல் நடந்துகொள்கிறது.

மாணவராக இருந்தபோதே, 1982இல், முதல் நால்வர் நரம்பிசையை எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஃபெங் யா சுங்'. சீனத்தின் மிகப் பழைய பாட்டுத்தொகையான 'ஷிஜிங்' நூலின் 305 பாடல்கள் இம்மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஃபெங் என்பது நாட்டுப்புறப் பாட்டு. யா என்பது அரசவைப் பாட்டு. சுங் என்பது முன்னோரைப் போற்றும் வழிபாட்டுப் பாட்டு. ஃபெங் என்னும் சொல்லுக்குக் காற்று என்றும் பொருள் உண்டு. தொகைநூல்களோடு பழகிய தமிழ்ப் புலவருக்கு இப்பெயர்த்தேர்வின் நயத்தை விளக்க வேண்டுவதில்லை. ஹைடனின் வடிவத்துக்குள் ஓர் இளைஞர் தம் மொழியின் முதல் தொகைநூலைக் குடியேற்றினார். 1983இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நடைபெற்ற வேபர் இசையாக்கப் போட்டியில் அது பரிசு பெற்றது. அதே ஆண்டில் உள்நாட்டில் 'ஆன்ம மாசு' எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. பரிசு பெற்றவரின் இசை சில மாதங்கள் ஒலிக்கவொட்டாமல் தடுக்கப்பட்டது.

1986இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கு எழுதிய 'எட்டு வண்ணங்கள்' என்னும் அடுத்த நால்வர் நரம்பிசையில் வயலினும் செல்லோவும் பீகிங் ஆப்பரா நடிகரின் குரலாகவும் பறையாகவும் சேகண்டியாகவும் மாற முயல்கின்றன. வில்லையும் நரம்பையும் கொண்டே பிற பொருள்களின் ஒலியை எட்டிப் பிடிக்கும் முயற்சி அது. முயற்சி என்றே சொல்லவேண்டும். கல்லைப்போல் ஒலிக்க வயலினை வருத்துவதைவிடக் கல்லையே எடுத்து வைத்துவிடலாம் என்ற துணிவு ஆவிக்கூத்தில்தான் வந்தது.

அத்துணிவுக்கு மேலைநாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. ஜார்ஜ் கிரம் 1970இல், வியட்நாம் போரின் நிழலில், 'கருந்தேவர்' என்று பொருள்படும் 'பிளாக் ஏஞ்சல்ஸ்' என்னும் நால்வர் இசையை எழுதினார். அதில் இசைஞர் நீர் ஊற்றிச் சுருதி கூட்டிய கண்ணாடிக் கிண்ணங்களின் விளிம்பில் வில்லை இழுப்பர், சேகண்டி தட்டுவர், எண்களை வாய்விட்டு உரைப்பர். அதனை வானொலியில் கேட்டுக் கலங்கிய டேவிட் ஹாரிங்டன் என்னும் வயலின் கலைஞர், இவ்விசையை வாசிக்க வேண்டுமென்றே 1973இல் சியாட்டில் நகரில் 'குரோனோஸ்' நால்வர் குழுவைத் தொடங்கினார். ஆவிக்கூத்து எழுதப்பட்டதும் அதே குழுவுக்காகவே. அவர்களோடு பிபா வாசித்தவர் ஹாங்சோவில் பிறந்து 1990இல் அமெரிக்கா சென்ற வூ மான் அம்மையார்.

ஐந்து காட்சிகள்

ஆவிக்கூத்து ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடம் நிகழ்வது. ஐந்து காட்சிகளாக அமைந்தது. பாக்கும் துறவியரும் ஷேக்ஸ்பியரும் நீரில் சந்திப்பது முதற்காட்சி. மண்ணின் ஆட்டம், 'சின்னக் கீரை' என்னும் பாட்டோடு உரையாடல், உலோகமும் கல்லும், தாளின் பாட்டு என்பன மற்றவை. அரங்கில் நீர் நிறைந்த கிண்ணங்களும் சேகண்டிகளும் கற்களும் பெரிய தாள்களும் ஆங்காங்கே வைக்கப்பட்டிருக்கும். இசைஞர் ஓரிடத்தில் கட்டுண்டு அமர்வதில்லை. எழுந்து நடப்பர், நீரைக் கையால் அள்ளி விடுவர், கூவுவர், துறவியர் போல் முணுமுணுப்பர். நாற்காலியில் அமர்ந்து உரையாடிய கெதேயின் நால்வர் இங்கே கூத்தராகிவிடுகின்றனர்.

ஆவிக்கூத்து மரபு நாலாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று டான் துன் கூறுவார். அதனைக் கல்வெட்டுக் கணக்காகக் கொள்ளாமல், ஓர் ஊரார் தம் பழமையைச் சொல்லும் வழக்காகக் கொள்வது நன்று. அம்மரபில் கூத்தன் தன் இறந்த காலத்தோடும் வருங்காலத்தோடும் இயற்கையின் ஆவிகளோடும் பேசுவான். மேடையில் அழைக்கப்படும் ஆவிகளுள் ஒன்று பாக். 1742ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற 'நற்சுருதி விசைப்பலகை' இரண்டாம் நூலின் சி ஷார்ப் மைனர் முன்னிசை, நீரின் சலசலப்புக்கிடையே தொலைவிலிருந்து வருவதுபோல் எழுகிறது. ஐரோப்பிய அரங்குகளில் பாக் என்பவர் அடித்தளம். யாவரும் நிற்கும் நிலம். இங்கே அவரும் அழைத்தால் வந்து போகும் ஒரு பழைய ஆவி. நீரே முன்னது, பாக் பின்னே வருகிறார்.

மூன்றாம் காட்சியே இப்படைப்பின் உயிர்நிலை. 'சின்னக் கீரை' ஹெபெய் மாநிலத்து நாட்டுப்பாடல். வயலில் வாடும் இளங்கீரைக்கு ஒப்பான ஒரு சிறுமி, தாயை இழந்து, தந்தை மறுமணம் செய்துகொள்ள, மாற்றாந்தாயிடம் படும் பாட்டைச் சொல்வது. ஏறி எழாமல் இறங்கி இறங்கி வரும் மெட்டு அது. சீனத்தில் இதனை அறியாதவர் அரியர். இம்மெட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1945இல் யேனானில் அரங்கேறிய 'வெண்கூந்தல் பெண்' என்னும் புரட்சி நாடகத்தின் புகழ்பெற்ற முதற்பாட்டு இதனை அடியொற்றியே அமைக்கப்பட்டது. அந்நாடகம் பின்னர் நாட்டிய நாடகமாகி, பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் மேடையேற ஒப்புதல் பெற்ற எட்டு முன்மாதிரிப் படைப்புகளுள் ஒன்றாயிற்று. ஆகவே, பூசாரி வாய்மூடிய அதே ஆண்டுகளில், தாயற்ற சிறுமியின் மெட்டுச் சாயல் சிவப்புடை அணிந்து ஒலிபெருக்கிகளில் உலவியது. மெட்டால் வேடம் மாற்றிக்கொள்ள முடிந்தது. கல்லைத் தட்டுவதும் நீரை அளைவதும் எந்த வேடத்துக்குள்ளும் ஒளிந்துகொள்ள முடியாதவை, அவை நின்றுபோயின.

ஆவிக்கூத்தில் அப்பாடல் பிபாவிலும் குரலிலுமாக வேடம் களைந்து வருகிறது. புரட்சிப் பாட்டின் முழக்கம் இல்லை. அழும் குழந்தை மட்டும் இருக்கிறது. பாயின் முறைப்படி பிபா பட்டு வகையைச் சார்ந்தது. பழங்காலத்தில் அதன் நான்கு நரம்புகளும் பட்டு முறுக்கியவை. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப்பின் எஃகும் நைலானும் அவ்விடத்தைப் பெற்றன. வயலினிலும் குடல் நரம்பு அவ்வாறே பெரும்பாலும் விலகிவிட்டது. எனவே மேடையில் நிற்கும் ஐவரின் கருவிகளிலும் பழைய பொருள் போய்விட்டது. மாறாமல் நிற்பவை கிண்ணத்து நீரும் கையிலுள்ள கல்லுமே. இதைக் கருதியே இசையாக்குநர் அமைத்தாரோ இல்லையோ, கேட்பவருக்கு இது உறைக்கிறது.

நான்காம் காட்சியில் கல்லும் உலோகமும் மோதும்போது நரம்புகளும் அவற்றின் வன்மையை ஏற்றுக்கொள்கின்றன. ஐந்தாம் காட்சியில் பாக்கின் முன்னிசையும் சின்னக் கீரையும் மெல்லக் கரைந்து, தாளின் சரசரப்பு எஞ்சுகிறது. மரப்பட்டை, சணல், கந்தல் ஆகியவற்றிலிருந்து தாள் செய்யும் முறையைக் கி.பி. 105இல் சாய் லுன் அரசனுக்கு அறிவித்ததாகச் சீன வரலாறு கூறும். எழுதுவதற்கும் அதுதான், இறந்தவர்க்காக எரிப்பதற்கும் அதுதான். அதனை ஆட்டியும் அசைத்தும் எழுப்பும் ஒலி, சொல் எழுதப்படுவதற்கு முன்னுள்ள ஒலியா, எரிந்தபின் எஞ்சும் ஒலியா என்று பிரித்தறிய இயலவில்லை. கவிஞர்கள் இக்காட்சியை விரும்பக்கூடும்.

குறையே இல்லாத படைப்பு என்று இதனைக் கூறுவதற்கில்லை. ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்திலிருந்து மனித வாழ்வின் கனவுத்தன்மையைக் கூறும் சொற்கள் ஆங்காங்கே ஒலிக்கின்றன. நீரும் தாளும் சொல்லாமல் சொல்லிவிட்டதை அச்சொற்கள் மறுபடியும் விளக்குகின்றன. அவை இல்லாதிருப்பின் இழப்பு ஏதும் நேர்ந்திராது. மேலைநாட்டு அரங்கினருக்காக ஊர்ச்சடங்கை வேடிக்கைப் பொருளாக்கினார் என்ற குற்றச்சாட்டும் டான் துன் மீது சுமத்தப்படுவதுண்டு. பிற்காலத்தில் அவர் எழுதிய பெரும்படைப்புகள் சிலவற்றை நோக்க, அக்கூற்றை முற்றிலும் தள்ளிவிட முடியாது. 1998இல் எழுதிய நீர் கான்செர்ட்டோவிலும், 2003இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டிஸ்னி இசையரங்கத் திறப்பையொட்டி நிகழ்ந்த தாள் கான்செர்ட்டோவிலும் பொருள்கள் பெருங்குழுவின் முன்னே கண்ணைப் பறிக்கின்றன. ஆவிக்கூத்திலோ ஐவர் மட்டுமே. எவரும் கல்லைக் காட்சிக்கு வைக்கவில்லை; தட்டிவிட்டு அது அடங்குவதைக் காத்திருந்து கேட்கின்றனர். காத்திருக்கும் அந்நொடிகளில் இது சடங்கா இசைநிகழ்ச்சியா என்ற கேள்வி உண்மையாகவே எழுகிறது. 1997இல் குரோனோஸ் குழுவினரும் வூ மானும் வெளியிட்ட ஒலிப்பதிவில் நடையும் ஒளியும் நிழலும் இல்லை. எனினும் அக்காத்திருப்பு பதிவாகியிருக்கிறது.

கல் தட்டியவர்

வேடிக்கை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடவேண்டும். மாணவராக இருந்த 1981இல் டான் துன் ஹூனானின் மேற்குப் பகுதியான சியாங்சி மலைநாட்டுக்குச் சென்றார். துஜியா, மியாவ் இனத்தவர் வாழும் நாடு அது. அங்கே கல்லைத் தட்டி இசைக்கும் முதியவர் ஒருவரைக் கண்டார். காற்றோடும் மேகத்தோடும் இறந்தவரோடும் பேசுபவராக அம்முதியவர் அவருக்குத் தோன்றினார். மீண்டும் வந்து அவரிடம் கற்பதாகச் சொல்லி இளைஞர் விடைபெற்றார். பெய்ஜிங், டிரெஸ்டன், நியூயார்க் என்று வாழ்க்கை அவரை எங்கெங்கோ கொண்டு சென்றது. இடையில்தான் ஆவிக்கூத்து எழுதப்பட்டது. 1999இல் திரும்பிச் சென்று விசாரித்தபோது முதியவர் காலமாகியிருந்தார். அவரிடமிருந்து அக்கலையைப் பெற்றுக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

அவ்விழப்பிலிருந்து பிறந்தது 'நிலப்படம்' எனப் பொருள்படும் 'தி மேப்'. செல்லோவுக்கும் நிகழ்படத்துக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதப்பட்ட அது 2003இல் பாஸ்டனில் யோ-யோ மா வாசிக்க அரங்கேறியது. இலை ஊதுபவரும், ஒப்பாரி பாடுபவரும், மலைக்கு மலை எதிர்ப்பாட்டுப் பாடும் பெண்ணும் திரையில் தோன்ற, செல்லோ அவர்களோடு மாறி மாறி இசைக்கிறது. கல்லிசைக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. அதே ஆண்டின் இறுதியில் டான் துன் அப்படைப்பைச் சியாங்சிக்கே எடுத்துச் சென்றார். ஃபெங்ஹுவாங் என்னும் பழைய ஊரில், ஆற்றங்கரையில், தம் பாட்டைத் திரையில் தாமே காணவந்த ஊர்மக்களின் முன்னிலையில் அது நிகழ்ந்தது. முதியவர் தட்டிய வகைக் கற்கள் அவ்வாற்றுப்படுகையில் எத்தனையோ கிடக்கின்றன.